கொள்ளுப்பொடியின் உரிமம்

அன்புள்ள அம்மாவுக்கு,

மூட்டுவலி தேவலையா? தோப்புக்குள் மறுபடி யானை வந்ததா? மியூனிக்கில் நான் நலம். கோபப்படாமல் படியுங்கள்.

எங்கள் மென்பொருளில் காப்பிலெஃப்ட் உரிமம் உள்ள நிரலைச் சேர்த்திருந்தோம். அதை யாரும் எடுத்து மாற்றலாம். ஆனால் பிறருக்குத் தரும்போது மாற்றியதையும் மறைக்காமல், அதே உரிமையோடு தர வேண்டும். மேலாளர் சசிதரும் கோவைக்காரர்தான். "நாம சேத்ததை எதுக்குங்க வெளிய சொல்லோணும்?" என்றார்.

"எங்க எலிசா பெரியம்மா கொள்ளுப்பொடிப் பக்குவத்தை, 'கேக்கறவங்களுக்கு ஒளிக்காம சொல்லோணும்'னு சொல்லித்தான் எங்கம்மாவுக்குக் குடுத்தாங்க. அதேதானுங்க இது" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. கூடவே ஆபீஸே பக்குவம் கேட்டது. நீங்கள் போனில் சொன்னதை அப்படியே கொடுத்தேன். எல்லோரும் வறுத்து அரைத்தார்கள், நானும்தான். ஒருவர் பொடியிலும் உங்கள் வாசம் இல்லை.

எதையோ மறைத்திருக்கிறீர்கள். பெரியம்மாவின் நிபந்தனைப்படி அது குற்றம். சொல்ல மனமில்லையென்றால் பொடியாகவே அனுப்புங்கள். அதற்கும் மனமில்லையென்றால் நீங்களே புறப்பட்டு வாருங்கள். அறையில் இன்னொரு கட்டில் சும்மாதான் கிடக்கிறது.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன்.

மெர்சி