அக்கா கலந்த நீலம்

என்னை இடுப்பில் தூக்கி வளர்த்த பொன்னுத்தாயி அக்காவுக்கு,

நீ போன பிறகு இவ்வளவு பெரிய சேதி நம் திண்டுக்கல்லில் நடக்கவில்லை. விக்டோரியா ராணி காலத்துப் பள்ளிக்கூடம் தப்பித்துவிட்டது. காப்பாற்றியது உன் தம்பி. பாதிக்கு மேல் நீ. எப்படி என்று கேள்.

அந்தக் கட்டடத்தின் சரித்திரம் என்னைவிட யாருக்குத் தெரியும்? மலைக்கோட்டையைப் படத்தில் பார்த்த ராணி, அதன் நிழலில் ஒரு பள்ளிக்கூடம் வேண்டுமென்று லண்டனில் சாப்பாட்டையே நிறுத்திவிட்டாள். மணி கப்பலேறி வந்தது. கொடைரோட்டில் இறக்கியபோது தண்டவாளம் ஒரு சாண் அமிழ்ந்தது. வாசலை அத்தனை உயரம் வைத்ததே, ராணி அம்பாரியிலிருந்து இறங்காமல் உள்ளே போகத்தான். வெள்ளைக்காரன் போய்ப் பத்து வருஷம் கழிந்தும் அந்த மணிச்சத்தம் குறையவில்லை. இதையெல்லாம் நான் சொல்லும்போது நீ சுண்ணாம்பு வாளியோடு நின்று, "ஏலே, செத்த கொறச்சுச் சொல்லு, யானைக்கே மூச்சு வாங்குது" என்பாய்.

போன மாதம் வடக்குச் சுவரில் ஒரு விரிசல். தரையிலிருந்து உத்தரம் வரை, விரல் நுழையும் அகலம். பார்வையிட வந்த இன்ஜினியர், இடிக்கத்தான் வேண்டும் என்றார். பிள்ளைகளைத் தகரக் கொட்டகைக்கு மாற்றுவார்களாம். உன் மகள் செல்வி என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். "நான் அங்க போக மாட்டேன் மாமா. இது அம்மா வெள்ளையடிச்ச பள்ளிக்கூடம்." நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

நான் அவளைக் கூட்டிக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வாசலில் ஊரே கூடியிருந்தது. இன்ஜினியரிடம் ராணியில் தொடங்கி யானை வரை வந்துவிட்டேன். பேகம்பூரில் தோல் வியாபாரம் பார்க்கும் காதர் பாய் சும்மா விடுவாரா?

"மாப்ளே, சாந்து கொழைச்சதும் ராணிதானா?"

"கொழைச்சது வேற ஆளு பாய். கருப்பட்டித் தண்ணி ஊத்துனதுதான் அவுக."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "கடப்பாரையக் குடுங்கய்யா! கம்பி வளையுதா, சொவரு அசையுதான்னு பாத்துருவோம்" என்று வாங்கி, விரிசலுக்குப் பக்கத்திலேயே ஒரு போடு போட்டேன்.

அக்கா, சுவர் விழுந்தது.

ஆள் உயரப் பாளம், தடாலென்று. ஒரே வெள்ளைப் புழுதி. செல்வி வீறிட்டாள். "போச்சு! மாப்ளயே இடிச்சுப்புட்டாரு!" என்றார் பாய். நான் கடப்பாரையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

புழுதி அடங்கியது. உள்ளே முட்டை ஓடு மாதிரி வழவழவென்று காரைச் சுவர் நின்றது. அதில் ஒரு கீறல்கூட இல்லை. இன்ஜினியர் தட்டினார், தடவினார், நூல் பிடித்துப் பார்த்தார். விழுந்தது சுவரே இல்லை, சுண்ணாம்பு! ராணி காலம் தொட்டு ஒவ்வொரு கோடையிலும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே அடித்து அடித்து, அது தடித்து, தன் பாரம் தாங்காமல் வெடித்திருக்கிறது. "சுவரு கல்லு மாதிரி இருக்கு. இடிக்க வேண்டியதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார் மனுஷன்.

நான் ஒரு துண்டைப் பொறுக்கித் திருப்பினேன். ஏடு ஏடாக இருந்தது. சுவரை ஒட்டியதெல்லாம் வெள்ளை. வெளிப்பக்கம் வர வர இளநீலம். வெறும் வெள்ளை பிள்ளைகள் கண்ணைக் கூசும் என்று வாளியில் நீலம் கலந்தவள் நீ ஒருத்திதானே? கோடைக்கு ஒரு ஏடு. நீ உயிரோடிருந்த வருஷமெல்லாம் என் உள்ளங்கையில் இருந்தது. அதற்கும் மேலே, நீ போன பிறகு யாரோ அடித்தது, மறுபடி வெள்ளை.

செல்வி அந்த நீலத்தைத் தொட்டாள்.

"இது எந்த ராணி அடிச்சது மாமா?"

"ஒங்க அம்மா, தாயி."

எதையும் நாலு மடங்காக்கிச் சொல்கிறவன் நான். இதை மட்டும் இருந்தபடி எழுதுகிறேன். இதைவிடப் பெரிதாக்க என்னால் ஏலவில்லை அக்கா.

வரும் கோடையில் வாளி என் கையில். சுரண்டிவிட்டுத்தான் அடிப்பேன். வடக்குச் சுவரில் ஒரு சாண் மட்டும் சுரண்டாமல் விடுவேன். நீலம் எவ்வளவு என்று செல்வி சொல்லட்டும்.

உன் கூடப்பிறந்தவன்,
செல்விக்குத் தாய்மாமன்,
சின்னச்சாமி