போயிட்டாரு

பெர்மாஸ் ஜெயா
11 மே 2025

அன்புள்ள யோகா,

வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டாய். மகேஸ்வரன் அண்ணனின் கருமக்கிரியைக்கு வந்தவளை உன் தம்பி கவின் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டான். வேறு வழியில்லாமல்தான் தாளும் பேனாவும்.

அன்று எமர்ஜென்சியில் நான் ட்யூட்டியில் இருந்தது அண்ணனின் அதிர்ஷ்டம் என்றுகூட நினைத்தேன். இருதய மருத்துவமனைக்கு மாற்றப் பார்க்கிறோம் என்று உன்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனேன். அதற்குள் இதயம் நின்றுவிட்டது. நெஞ்சை அழுத்தி அழுத்தி என் கையே மரத்துப்போனது. செய்ய வேண்டியது எதையும் நான் விடவில்லை. என்மேல் ஏன் இந்தக் கோபம்? திட்டியாவது எழுது. அப்பாவை இழந்த உன் மகள் பிரவீனா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

உன்
தேன்மொழி


கூலாய்
20 மே 2025

தேன்மொழி,

வைத்தியத்தில் நான் ஒரு குறையும் சொல்லவில்லை. வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாய்? "அண்ணன் போயிட்டாரு யோகா." அவ்வளவுதான். உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள், ஓடிவிட்டாய்.

மாற்றப்போவதாகச் சொன்னவளும் நீதானே? ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது என்று நினைத்து, மாமியாரை ஏற்றிக்கொண்டு அந்த மருத்துவமனைக்குக் காரை விரட்டினேன். கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் உங்கள் எமர்ஜென்சிக்குப் போன் போட்டு விசாரித்தாள். வைத்துவிட்டு, "டா மெனிங்கல், காக்," என்றாள். உன் தமிழில் விளங்காத சாவு அவள் மலாயில் விளங்கியது.

யோகேஸ்வரி


பெர்மாஸ் ஜெயா
25 மே 2025

என் யோகா,

சத்தியமாக இது எனக்குத் தெரியாது. திரும்பி வந்து பார்த்தபோது நீ இல்லை. தாங்க முடியாமல் வீட்டுக்குப் போய்விட்டாய் என்று நினைத்தேன்.

நிபுணர் பயிற்சியில் எங்களுக்கு அடித்துச் சொல்லித் தருவதே இதுதான். சுற்றி வளைக்காதே, ‘இறந்துவிட்டார்’ என்ற சொல்லையே சொல். எத்தனையோ குடும்பங்களிடம் சொல்லியிருக்கிறேன். உன் முகத்தைப் பார்த்ததும் நாக்கு எழவில்லை. நம் வீடுகளில் யார் அந்தச் சொல்லைச் சொல்கிறார்கள்? போயிட்டாரு என்றால் யாருக்குத்தான் புரியாது? அன்னியராக இருந்தால் பளிச்சென்று சொல்லியிருப்பேன். நீ என்பதால்தான் முடியவில்லை. அதைப் பாசம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாதா?

உன்
தேனு


கூலாய்
2 ஜூன் 2025

டாக்டர் தேன்மொழி அவர்களுக்கு,

வணக்கம். அன்று வழியெல்லாம் ஹார்ன் அடித்து லாரிக்காரர்களை ஒதுங்கச் சொன்னேன். மாமியார் முருகனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டார். நான் பிரவீனாவுக்குப் போன் செய்து, "அப்பாவ நல்ல ஆஸ்பத்திரிக்கு மாத்திட்டாங்கம்மா, இனி பயமில்ல," என்றேன். ஏன் பொய் சொன்னீங்க என்று அவள் இன்னும் கேட்கிறாள்.

அவர் செத்துக் கிடந்த நேரத்தில் நான் சந்தோஷமாகக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அன்னியர்களிடம் உண்மையைப் பளிச்சென்று சொல்லிவிடுவீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இனி என்னையும் அவர்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
திருமதி யோகேஸ்வரி மகேஸ்வரன்