துருவில்லாத கார்

அன்புள்ள மாரிச்செல்விக்கு,

எனக்குச் சாப்பாடு, தூக்கம் சரிதான். நீயும் அத்தையும் சுகமா? போனில் சொன்னால் சிரிப்பாய் என்று எழுதுகிறேன்.

மஸ்கட்டில் முதலாளி வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு பழைய காரைப் புதுப்பிக்கிறேன். நேற்று சீட்டைக் கழற்றும்போது கையில் லேசாகக் கீறிவிட்டது, ஒன்றுமில்லை. சீட்டுக்குக் கீழே அடித்தகட்டில் துளித் துருகூட இல்லை.

நம் காரின் அடித்தகட்டை இரண்டு முறை வெட்டி மாற்றினேன். குற்றாலத்தில் குளித்துவிட்டுச் சொட்டச் சொட்ட முன்சீட்டில் ஏறுவாய். "ஏட்டி, துண்டையாவது விரிச்சு உக்காரு" என்பேன். "துருப்பிடிச்சா மாத்துங்க, நீங்க எதுக்கு இருக்கீய" என்பாய்.

இந்தக் காரில் யாரும் நனைந்து ஏறியதே இல்லை போலிருக்கிறது.

அங்கே சாரல் விழுகிறதாமே. இந்த சீசனுக்கு லீவு இல்லை. உன் தம்பியை ஓட்டச் சொல்லி அருவிக்குப் போய்வா, பேட்டரியும் இறங்காது. முதலாளி கூப்பிடுகிறார். சீட்டில் துண்டு விரிக்காதே.

லிங்கேஸ்வரன்