சுண்ணாம்பு நிற்காத சுவர்

அண்ணா,

நேற்று பர்கூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்க நின்றிருந்தேன். கடைக்காரர் வேறு யாருக்கோ பெயிண்ட் மார்க்கரை எடுத்துக் குலுக்கினார். உள்ளே இருக்கிற குண்டு கடகடவென்று உருண்டது. மூடியைத் திறந்ததும் அதே தின்னர் வாசம். தாழ்ப்பாளை மறந்துவிட்டுப் பச்சை மார்க்கர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து எல்லோர்மேலும் எரிச்சலாக இருக்கிறது. உன்மேலும்தான்.

ஓசூர் கம்பெனியில் உன் வேலையே இந்த மார்க்கரால் புள்ளி வைப்பதுதான். வார்ப்பில் வந்த பாகங்களைச் சோதித்து நல்லதற்குப் பச்சை, கழிவுக்குச் சிவப்பு. ராயக்கோட்டையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வந்தாய். நான்காவது வருஷம் ஒருநாள் நல்ல பாகங்களுக்கெல்லாம் வரிசையாகச் சிவப்பு வைத்துவிட்டாய். கேட்டதற்கு, காதுக்குள் ஒருத்தன் வைக்கச் சொன்னதாகச் சொன்னாய். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காத்து கருப்பு என்று அம்மா உன்னைக் கோயில் கோயிலாக இழுத்துப் போனாள். ஒரு வருஷம் வீணாய்ப் போன பிறகுதான் டாக்டரிடம் போனோம். மனச்சிதைவு என்றார். மாத்திரை குரல்களைத் தணித்ததே தவிர நிறுத்தவில்லை.

மீதிக்கு நீயே ஒரு வழி கண்டுபிடித்தாய். தக்காளிப் பெட்டிக்கு அடியில் போடுகிற அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, குரல் பேசும்போதெல்லாம் அதே மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தாய். மூன்று பாஷை புழங்குகிற நம் ஊர்க்காரன் காதில் ஒரே பாஷையா கேட்கும்? கன்னடத்தில் திட்டுகிறவனுக்கு மஞ்சள், தெலுங்கில் அழுகிறவளுக்கு நீலம், தமிழில் அதிகாரம் பண்ணுகிறவனுக்குச் சிவப்பு.

"அவனுங்க பேசறத நிறுத்த முடியாது பாப்பா. ஆனா புள்ளிய எங்க வெக்கணும்னு நான்தான் சொல்லுவன்" என்றாய்.

பச்சை எதற்கு என்று கேட்டேன். ஒன்றும் கேட்காத நேரத்தில் வைப்பது என்றாய்.

முதலில் வெறும் புள்ளிகளாக இருந்தன. பிறகு மாடு வந்தது, ரயில்வே கேட் வந்தது, தக்காளி மண்டியில் ஏலம் கேட்கிற கூட்டம் வந்தது. கடைசியில் உன் அறைச் சுவர் முழுக்க ராயக்கோட்டை மலை. எட்டு மாதம் அதே வேலையாக இருந்தாய். எந்த வாரம் நீ எப்படி இருந்தாய் என்று அந்த மலையைப் பார்த்தே என்னால் சொல்ல முடியும். அடிவாரம் எல்லாம் சிவப்பு. உச்சியில் கோட்டை மதிலை ஒட்டித்தான் கொஞ்சம் பச்சை இருந்தது.

என்னைப் பெண் பார்க்கப் பர்கூரிலிருந்து வருவதாகச் சொன்னார்களே, அந்த வாரம் சுவரை மறைக்க வேண்டும் என்று முதலில் சொன்னது அப்பா இல்லை. நான்தான். இத்தனை வருஷம் பழியை அவர்மேல் போட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். பெயிண்ட் அடிக்க ஆள் கூப்பிடுகிறேன் என்றார் அப்பா. நீ சுண்ணாம்பே போதும் என்றாய். நீயே சுண்ணாம்பை நீற்றி, நீயே மட்டையை எடுத்து, மலையை உச்சியிலிருந்து கீழே வரைக்கும் வெள்ளையாக அடித்தாய். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று உன்னைக் கல்லாவியில் அத்தை வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். பையன் வெளியூரில் வேலை பார்க்கிறான் என்று அப்பா சொல்ல, நான் காபித் தட்டோடு தலையாட்டினேன்.

கல்யாணமாகி இரண்டாவது வருஷம் நீ எனக்குப் போன் பண்ணினாய். வயிற்றில் வலி என்றாய். நான் மாத்திரை போட்டாயா என்று கேட்டேன். எந்த மாத்திரையைக் கேட்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

"இது அவனுங்க பேசறது இல்ல பாப்பா. நான் பேசறன். நெஜமாவே வலிக்குது" என்றாய்.

போட்டுவிட்டுப் படு என்று சொல்லிப் போனை வைத்தேன். வீட்டிலும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள். நாலு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது குடல்வால் வெடித்து விஷம் ஏறியிருந்தது. மறுநாள் நீ இல்லை. இல்லாத குரல்களையெல்லாம் நம் வீட்டில் எல்லோரும் நம்பினோம், பேய் என்று பூஜை போடும் அளவுக்கு நம்பினோம். உன் குரலை நம்பவில்லை.

இப்போது உன் அட்டைகளை டாக்டர் மூலம் பார்த்த ஒரு பெங்களூர் அம்மா, கண்காட்சியில் வைக்க வேண்டும் என்கிறார். நோயே உனக்கு வரமாகிவிட்டதாம். அந்த வரத்தை ஒரே ஒரு மத்தியானம் அவர் காதில் வைத்துப் பார்க்கட்டும். என் வீட்டுக்காரருக்கு வேறு கவலை. "படத்த வெச்சிக்கட்டும். பேரு, ஊரு ஒண்ணும் வேணாம். நாளைக்கு நம்ம பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்கணுமில்ல" என்கிறார். என் பெண்ணுக்கு ஆறு வயது.

போன ஞாயிறு அட்டைகளை எடுக்க ஊருக்குப் போனேன். உன் அறையைத் திறந்தால் தரையெல்லாம் சுண்ணாம்புப் பொருக்கு. மார்க்கரில் இருக்கிற எண்ணெய்ப் பெயிண்ட் மேல் சுண்ணாம்பு நிற்காது என்று நாலு வருஷம் பெயிண்டிலேயே கை வைத்திருந்த உனக்குத் தெரியாதா? தெரிந்துதான் அதைக் கேட்டிருக்கிறாய். பாதி மலை வெளியே வந்துவிட்டது. அதை என்னிடம் அன்றே சொல்லித் தொலைத்திருக்கலாம். இத்தனை வருஷம் நான் அழித்துவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்தே அந்த அம்மாவுக்குப் போன் பண்ணினேன். சுவரையும் போட்டோ எடுத்து வையுங்கள், என் அண்ணன் பேர், அப்பா பேர், ஊர், நோயின் பேர் எல்லாம் போடுங்கள், வரம் என்று மட்டும் போடாதீர்கள் என்றேன். தன் கல்யாணத்துக்காக இந்தச் சுவரை மறைக்கச் சொன்னது தங்கை என்றும் எழுதச் சொன்னேன். அன்றிலிருந்து வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும்.

மார்க்கர் கைப்பையிலேயே கிடக்கிறது. நடக்கும்போது குண்டு உருளுகிறது. என் காதில் எந்தக் குரலும் கேட்பதில்லை அண்ணா, உன்னுடையதுகூட. நீ சொன்ன முறைப்படி பார்த்தால் நான் தினமும் பச்சை வைக்க வேண்டும். இன்னும் மூடியைத் திறக்கவில்லை.

உன் பாப்பா