கல்லில்லாத காடு

என் முன்னால் ஓடியவளே,

நீ ஓட்டத்தை விட்டு ஊருக்குப் போய் எட்டு மாதம். இங்கே அடிஸ் அபாபாவில் விடாத மழை. எந்தோட்டோ காடு வழுக்குகிறது. இன்று காலை முதல்முறையாகப் பயிற்சியாளர் என்னை வரிசைக்கு முன்னால் ஓடச் சொன்னார். பின்னால் ஏழு பெண்கள், என் பாதத்தையே பார்த்தபடி.

அரை மணிக்குள் கல்லில் இடித்து விழுந்தேன். கட்டைவிரல் நகம் போயிற்று. “நாலு வருஷம் ஓடின காடு, கல்லு இருக்குறது இன்னைக்குத்தான் தெரியுதா?” என்று அவர் சிரித்தார்.

உண்மையிலேயே தெரியாதடி. “மரத்தப் பாக்காத, முட்டிக்குவ. என் குதிகாலப் பாரு” என்பாய். கல் வந்தால் உன் முதுகுக்குப் பின்னால் விரல்கள் அசையும், நான் விலகுவேன். நாலு வருடத்தில் என் காலில் ஒரு கீறல் விழவில்லை.

தேசிய அணிக்கான தேர்வு ஓட்டத்தைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். இருபத்தைந்து சுற்றில் இருபத்துநாலு சுற்றும் நீதான் முன்னால். கடைசிச் சுற்றில், மழைத்தண்ணீர் தேங்கிய இடத்தில், பழக்கத்தில் உன் விரல்கள் அசைந்தன. நான் விலகினேன். விலகிய வேகத்திலேயே உன்னைத் தாண்டிவிட்டேன். வானொலியில் என் வேகத்தைப் புகழ்ந்தார்கள். உன் விரல்களை யாரும் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்று சாப்பாட்டில் எல்லோரிடமும் சொன்னேன். முன்னால் ஓடியவளுக்கென்று பயிற்சியாளர் தன் கையால் எனக்கு ஊட்ட எடுத்த இஞ்செரா அப்பக் கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார். “இது அவளுக்குப் போக வேண்டியது.”

வாடி. நானே ஊட்டுகிறேன். விரலைக் கடித்தாலும் சரி.

உன் குதிகாலை மட்டுமே பார்த்தவள்