சேராத நாய்க்குட்டி

அய்யம்மாளுக்கு, குரங்கணி ஏலத்தோட்டத்திலிருந்து எழுதுகிறேன்.

கல்யாணமான வாரமே உனக்குத் துணையாக நாய்க்குட்டி வாங்கி வந்தேன். அன்று முதல் உன் கண் சிவந்தே இருந்தது. மலையும் பிடிக்காமல், என்னையும் பிடிக்காமல் அழுகிறாய் என்று நினைத்துத்தான் தேவாரத்தில் உன் அம்மா வீட்டில் விட்டேன். நாலே நாளில் கண் தெளிந்துவிட்டது என்று உன் அண்ணன் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று போடியில் கம்பவுண்டரிடம் சொன்னேன்.

"தும்மலும் இருந்துச்சா? அது அழுகை இல்லப்பா. நாய் முடி சில பேருக்குச் சேராது."

நான் சிரித்துவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

குட்டியைப் பக்கத்துத் தோட்டத்து இருளம்மாளிடம் கொடுத்துவிட்டேன். கம்பளிகளை வெந்நீரில் அலசிக் காயப்போட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை உன்னைக் கூட்டிவர வருகிறேன். தும்மிக்கொண்டே அந்தக் குட்டியை மடியில் வைத்திருந்தாயே, நான் வாங்கி வந்தது என்பதற்காகவா? அதை மட்டும் நேரில் சொல்.

உன் வீட்டுக்காரன்