இரண்டாம் பேருந்து இல்லாத ஊரின் குடிமையியல்

அன்புள்ள நண்பருக்கு,

காப்பிப் பழத்தோல் புளிக்கும் வாடை இன்று காலை என் அறைவரை வந்துவிட்டது. கீழே எஸ்டேட்டில் பழம் அரைக்கத் தொடங்கிவிட்டால் தை மாதம் முழுவதும் நம் பள்ளிக்கு இதுதான் காற்று. புதிதாக வரும் ஆசிரியர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நீங்களோ ஒன்பதாம் வகுப்புச் சன்னலை அகலத் திறந்து, "உள்ளாட்சிப் பாடம் வந்துருச்சுங்க சார்" என்பீர்கள். இன்று அந்தச் சன்னல் சாத்தியிருந்தது. நீங்கள் போன பிறகு வரும் மூன்றாவது அறுவடை இது.

நேற்று ஒரு காரியம் செய்தேன். அதைச் சொல்லத்தான் இந்த மடல். முறையாக, முதலிலிருந்து சொல்கிறேன். இடையில் தொடங்க எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

அண்மையிலிருந்து சேய்மைக்கு, தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு: பயிற்சிக் கல்லூரியில் நாம் இருவரும் படித்தது ஒரே விதிதான். ஆனாலும் நான் வரையறை, அமைப்பு, அதிகாரம், கடமை என்ற வரிசையில்தான் நடத்துவேன். நீங்கள் பாடநூலை மூடி வைத்துவிட்டு மாதிரி கிராம சபை கூட்டினீர்கள். அந்த முதல் கூட்டத்தைப் பக்கத்து வகுப்பிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பையன் மட்டும் பெஞ்சில் அமர்ந்திருக்க, மற்றவர்கள் கீழே உட்கார்ந்திருந்தார்கள். மாணவியர் ஒருவர்கூட உள்ளே இல்லை. வராந்தாவில் கதவோரம் நின்றிருந்தார்கள்.

"தலைவர் யாரு சாமி?" என்றீர்கள்.

"அவந்தானுங்க சார். அவங்க அப்பாதானுங்களே ஊர்ப் பெரியவரு."

"ஓட்டுப் போட்டீங்களா?"

"அது எதுக்குங்க? எப்பவும் அவங்கதானுங்க."

வராந்தாவைப் பார்த்துக் கேட்டீர்கள்: "நீங்க ஏன் கண்ணு வெளிய நிக்கறீங்க?"

"உள்ள கூட்டம் நடக்குதுங்களே சார்!"

நீங்கள் வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். ஆசிரியர் அறையில் நான், "வரையறையை முதலில் கொடுத்திருந்தால் இந்தக் குழப்பம் நேர்ந்திராது" என்றேன். "குழப்பமில்லீங்க சார். பசங்க ஊர்க்கூட்டத்துல பாத்ததைச் செய்றாங்க. நம்ம புத்தகந்தான் அந்தக் கூட்டத்தைப் பாத்ததில்ல" என்றீர்கள். மறுநாள் ஒரு கூடை காப்பிப் பழத்தோடு வந்தீர்கள். ஆளுக்கு ஒரு சிவப்புப் பழம், ஒரு பச்சைக் காய். சம்மதம் என்றால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை. துணிப்பைக்குள் கையை விட்டுப் போட வேண்டும். யார் எதைப் போட்டார் என்பது யாருக்கும் தெரியாது. வராந்தாவில் நின்றவர்கள் அன்று உள்ளே வந்தார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்தப் பெஞ்சில் மாணவியரும் அமர்ந்தார்கள். உங்கள் முறை என் முறையைவிட நன்றாகக் கற்பித்தது என்பதை அப்போதே ஒப்புக்கொண்டேன்.

பிறகு மரகதம் வந்தாள்.

அவளுடைய ஊருக்கு மாலையில் ஒரே பேருந்து. நம் பள்ளி விட்டதும் பிள்ளைகள் ஓடிப்போய் அதைப் பிடித்துவிடலாம். மேல்நிலைப் பள்ளி விடுவதற்குள் அது போய்விடும். அதன் பிறகு எஸ்டேட் வழியாக, மூடுபனியில், காட்டெருமைக்குப் பயந்து நடக்க வேண்டும். ஆகவே பெண்பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்போடு படிப்பு முடியும். அடுத்த வாரமே மலைக்குக் கீழே, கீழ்நாட்டு நூற்பாலையிலிருந்து அவர்களை வேலைக்கு ஏற்றிப்போக வேன் வரும். மாதிரி கிராம சபையில் மரகதம் எழுந்து இதைத்தான் சொன்னாள். "இன்னொரு பஸ் உட்டா அந்த வேன் வராதுங்க" என்றாள். பைக்குள் அன்று ஒரு பச்சைக் காய்கூட விழவில்லை.

அதை உண்மையான கிராம சபைக்குக் கொண்டுபோக முடிவு செய்தீர்கள். "வேண்டாம், அந்தப் பிள்ளை சாயங்காலம் அந்த வீட்டுக்குத்தான் திரும்பிப் போகும். நீங்களும் நானும் கூடப் போகப் போவதில்லை" என்றேன். "வகுப்புக்குள்ள மட்டும் பேசச் சொல்லிக்குடுத்தா அது நாடகங்க சார்" என்றீர்கள்.

அவள் ஒலிபெருக்கியில் பேசினாள். வந்திருந்த அதிகாரி முதுகில் தட்டினார். தீர்மானம் எழுதினார்கள், படம் எடுத்தார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். நீங்களும் தட்டினீர்கள். வேனுக்கு ஆள் சேர்ப்பவர் அதே ஊர்க்காரர், அங்கேதான் உட்கார்ந்திருந்தார். எஸ்டேட்டில் பழம் பறிக்கும் மரகதத்தின் அப்பாவை அன்று மாலையே தேநீர்க் கடையில் அவர் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, உம்பட புள்ள கலெக்டரு ஆயிருச்சாட்டம் இருக்குது! உங்க ஊட்டு வாசலுக்கே பஸ்ஸு வந்துருமுங்களா?" கடையே சிரித்ததாம். நாள்தோறும் அந்தச் சிரிப்பு தொடர்ந்தது. பேருந்து வரவில்லை. பத்தாம் வகுப்பைத் தொடங்கும் முன்பே மரகதத்தை வேனில் ஏற்றிவிட்டார்கள். நான் அஞ்சியது அப்படியே நடந்தது. நான் அஞ்சியதால் அவளுக்கு எந்தப் பயனும் விளையவில்லை.

நீங்கள் புகார் எழுதினீர்கள். ஆலை வாயிலுக்கே போய் நின்றீர்கள். வயதைக் கூட்டிக் காட்டி, அப்பாவின் சம்மதம் இருக்கிறது என்று சொல்லி உள்ளே விடாமல் அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு நீங்கள் மாதிரி கிராம சபை நடத்தவேயில்லை. வரையறையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டீர்கள். என் முறைப்படி, ஒரு பிழையும் இல்லாமல். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த ஆண்டே நோய் உங்களைச் சாய்த்தது. சேலத்து மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது உங்கள் குரல் பாதிதான் வந்தது. "பாடம் தப்பில்லீங்க சார். புள்ளையை மைக்குக்கு முன்னால உட்டுட்டு, நாம பின்னால நின்னு கைதட்டுனோம் பாருங்க..." அதற்குமேல் இருமல். கல்லறைத் தோட்டத்தில் மண்ணிடும்போது, அந்தக் கூட்டம் முழுவதிலும் மரகதம் இருக்கிறாளா என்று தேடினேன். அவளுக்கு விடுப்புக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இப்போது மரகதத்தின் தங்கை கனகா ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாள். சேர்க்க வந்த அன்று அவள் அப்பா, இப்போது தலைமையாசிரியராக இருக்கும் என் மேசைக்கு எதிரே உட்கார மறுத்து நின்றபடியே சொன்னார்: "படிப்பு சொல்லிக்குடுங்க சார். பேச மட்டும் சொல்லிக்குடுத்துராதீங்க." உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் இளம் ஆசிரியை, போன வாரம், மாதிரி கிராம சபை நடத்த அனுமதி கேட்டார். எழுந்து பேச யாரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்றேன். "கனகாங்க சார். நொம்ப நல்லாப் பேசுதுங்க" என்றார் மகிழ்ச்சியோடு.

அனுமதியும் தரவில்லை, மறுக்கவும் இல்லை. அன்று மாலை பிள்ளைகளோடு அந்தப் பேருந்தில் ஏறினேன். இத்தனை ஆண்டுப் பணியில் ஒரு மாணவியின் வீட்டுக்கு நான் போனது அதுவே முதல் முறை. கனகாவின் அப்பா வாசலில் பழச்சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தார். வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஊசியைச் சாக்கிலேயே குத்தி வைத்துவிட்டுக் கேட்டார்:

"பஸ்ஸு வேணும்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்."

"அந்தச் சாருக்கும் தெரியுமுங்க. நல்ல மனுசன், செத்துப்போயிட்டாரு. உங்க ரெண்டு பேரு வார்த்தைக்கு இல்லாத மருவாதி எம்புள்ள வார்த்தைக்கு வந்துருமுங்களா? நீங்க எந்திரிச்சு நின்னு கேளுங்க சார். எம்புள்ளைய நிக்க வெக்காதீங்க."

உள்ளே கனகா பாத்திரம் துலக்கும் ஓசை நின்றிருந்தது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நேற்று குடியரசு நாள். பள்ளியில் கொடியேற்றிவிட்டுக் கிராம சபைக்குப் போனேன். ஊராட்சியின் வாக்காளன் என்ற முறையில் பேச எனக்கு உரிமை உண்டு. விதியை முன்னாலேயே படித்துப் பார்த்துவிட்டேன். மாலையில் இரண்டாவது பேருந்து வேண்டும் என்றேன். "சாருக்கு எதுக்குங்க இந்த வம்பெல்லாம்? பள்ளிக்கூடத்துல எதாச்சும் கொறைன்னா சொல்லுங்க" என்றார் தலைவர். "இது பள்ளிக்கூடத்துக் குறைதாங்க" என்றேன். பழைய தீர்மானம் என்னவாயிற்று என்று கேட்டேன். "மேல அனுப்பியாச்சுங்க" என்றார்கள். மேலே என்றால் எங்கே என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. மீண்டும் எழுதுங்கள், முன்மொழிபவராக என் பெயரைப் போடுங்கள் என்றேன்.

பின்னாலிருந்து வேனுக்கு ஆள் சேர்ப்பவரின் குரல் வந்தது. "சாருக்கும் மில்லுல வேலை வேணுமாட்டம் இருக்குது! வாங்க சார், வேன்ல எடமிருக்குதுங்க!"

கூட்டம் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. ஐம்பது வயது ஆணுக்கே இப்படியென்றால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும் என்று நேற்றுத்தான் தெரிந்துகொண்டேன். எழுதி முடிக்கும்வரை உட்காரவில்லை. யாரும் கைதட்டவில்லை. கனகாவின் அப்பா ஓரமாக நின்றிருந்தார். என்னைப் பார்க்காமலே போய்விட்டார்.

இன்று ஆசிரியைக்கு அனுமதி எழுதிக் கொடுத்தேன், ஒரு நிபந்தனையோடு. வகுப்பில் பிள்ளைகள் எதையும் கேட்கலாம். அதில் எது வெளியே போக வேண்டியதோ, அதை எடுத்துக்கொண்டு போவது ஆசிரியர்; பேசுவதும் ஆசிரியர். அவர் நிமிர்ந்து பார்த்து, "நானுங்களா சார்?" என்றார். "நாம்" என்றேன்.

பேருந்து வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. மரகதம் இனிப் பள்ளிக்குத் திரும்பப் போவதுமில்லை. அவளுக்குக் கீழ்நாட்டிலேயே மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். உங்களிடம் மறைத்துப் பழக்கமில்லை. மே மாதக் கிராம சபையில் மறுபடியும் எழுந்து நிற்பேன். அதற்கடுத்த கூட்டத்திலும் நிற்பேன். சிரிப்பவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். கனகா உட்கார்ந்து படிக்கட்டும்.

என்றும் உங்கள்,
பக்கத்து வகுப்புக்காரன்